சராசரிச் சம்பளம் இருபதாயிரம்

கவரைப்பேட்டை
9.4.2006

அன்பு மகள் ஈஸ்வரிக்கு உன் நைனா எழுதுவது. நானும் அம்மாவும் சௌக்கியம். நீயும் சௌக்கியம் என்று போனில் சொன்னாய்; குரலைக் கேட்டால் அப்படித் தெரியவில்லை. வேளைக்குச் சாப்பிடு.

விஷயத்துக்கு வருகிறேன். உன் இரண்டாம் வருஷக் கடனுக்கு பாங்க் மேனேஜர் மறுபடி என் கையெழுத்துக் கேட்கிறார். முதல் வருஷம் ஒரு லட்சத்து எழுபதாயிரத்துக்கு உன் முகத்தைப் பார்த்துப் போட்டேன். இப்போது அதே அளவு இன்னொன்று. படிப்பு முடிந்ததும் மாதம் ஆறாயிரம், ஏழு வருஷம் கட்ட வேண்டுமாம். எனக்கு எடைமேடையில் சம்பளமே ஐயாயிரத்து ஐந்நூறு.

எழுத்துக்கலை முடித்தவர்களுக்குச் சராசரிச் சம்பளம் இருபதாயிரம் என்று காலேஜ் புத்தகத்தில் போட்டிருப்பதாக நீதான் படித்துச் சொன்னாய். கதை எழுதக் கற்றவனுக்கு யார் இருபதாயிரம் தருகிறான்? பதினெட்டு வருஷமாக லாரி நிறுக்கிறேன். ஒரு லாரியில் இரும்பும் ஒன்பது லாரியில் தவிடும் இருந்தாலும் சராசரி என்று ஒன்று வரத்தான் செய்யும். போன வருஷம் முடித்தவர்களின் விலாசம் அனுப்பு. நானே போய்ப் பார்க்கிறேன். அதுவரை ஃபாரம் என் பெட்டியில் இருக்கும்.

உன் நைனா
தணிகாசலம்

*

பெங்களூர்
17.4.2006

அன்புள்ள நைனாவுக்கு ஈஸ்வரி எழுதுகிறேன்.

நீங்கள் கீரை வாங்கினாலும் கட்டைப் பிரித்துப் பார்ப்பீர்கள். அதற்காக முன்பின் தெரியாதவர்களிடம் போய்ச் சம்பளம் கேட்பார்களா? என்னால் இங்கே தலைகாட்ட முடியாது. ஆனாலும் கேட்டுவிட்டீர்கள், அனுப்புகிறேன். ரோசம்மாள் பெரம்பூரில் இருக்கிறார். தாவீது திருவள்ளூரில், கோர்ட்டுக்குப் பின்தெரு. தாவீதிடம் அதிகம் பேச்சுக் கொடுக்காதீர்கள், கூச்ச சுபாவம்.

ஜூன் பத்துக்குள் பணம் கட்டாவிட்டால் என் பெயரை எடுத்துவிடுவார்கள். நைனா, எனக்கு இந்தப் படிப்பு வேண்டும். இதுவரை எதையும் இவ்வளவு ஆசைப்பட்டுக் கேட்டதில்லை. அம்மாவுக்கு முட்டிவலி எப்படி?

உங்கள் மகள்
ஈஸ்வரி

*

கவரைப்பேட்டை
8.5.2006

அன்பு மகள் ஈஸ்வரிக்கு,

போய்ப் பார்த்துவிட்டேன். ரோசம்மாள் ஒரு கம்பெனியில் நாள் முழுதும் போன் எடுக்கிறாள். ஒன்பதாயிரம். எழுதுவதை விட்டாயிற்றாம். தாவீது கும்மிடிப்பூண்டி ஃபாக்டரிகளுக்கு 'மிஷினுக்குள் கையை விடாதே' என்று போர்டு எழுதிக் கொடுக்கிறான். ஏழாயிரத்து ஐந்நூறு. சம்பளச் சீட்டைக் காட்டச் சொன்னேன், சிரித்துக்கொண்டே காட்டினான். இருபதாயிரம் வாங்குகிற அந்தப் புண்ணியவான் யார் என்று இன்னும் தெரியவில்லை.

பேச்சுக் கொடுக்காதே என்று நீ எழுதியதால் அவன் வீட்டில் கூடுதலாக ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். உங்கள் காலேஜிலிருந்து வந்த இந்த வருஷ மலர் கிடந்தது. புரட்டினால் உன் போட்டோ, கீழே நாலு பக்கம் இங்கிலீஷ். என்ன கதை என்று கேட்டேன். "அப்பாவப் பத்தி பாசமா எழுதிக்கிறாங்க சார்" என்றான், என் முகத்தைப் பார்க்காமல். அதுதான் இடிக்கிறது.

சந்தேகம் வந்தால் லாரியைப் பொன்னேரி மேடைக்கு அனுப்பி இன்னொரு தரம் நிறுத்துவரச் சொல்கிறவன் நான். மலரை வாங்கி வந்திருக்கிறேன். முதலாளி சுப்பராயன் படித்தவர், நாளைக்கு அவரைப் படித்துச் சொல்லச் சொல்கிறேன். நல்ல கதை என்று அவர் சொன்னால், சம்பளம் எப்படியோ போகட்டும், கையெழுத்துப் போடுகிறேன். அச்சில் உன்னைப் பார்த்தது சந்தோஷமாகத்தான் இருந்தது. டீக்கடையில் எல்லோருக்கும் காட்டினேன்.

உன் நைனா
தணிகாசலம்

*

கவரைப்பேட்டை
10.5.2006

ஈஸ்வரிக்கு,

முதலாளி ஒவ்வொரு வரியாகப் படித்துத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். சோறு கொண்டுவரும் சிறுமி, எடைமேடை, அவள் அப்பா. நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். கதையில் பழைய இரும்பு லாரி வந்த இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டார்.

"இன்னா தணிகாசலம், இது நம்ம மேட தானே? அம்பது ரூபா வாங்கிக்கினு சீட்டுல நூறு கிலோ ஏத்திப் போட்டியா?"

அது வெறும் கதை என்று சொல்லியிருக்கலாம். கையால் சீட்டு எழுதிய காலத்தில் நடந்தது அது. நீ பார்த்தாய் என்பதே எனக்குத் தெரியாது. சாயங்காலமே கணக்கு முடித்து அனுப்பிவிட்டார். சம்பளம் இல்லாதவன் கையெழுத்து செல்லாது என்கிறார் மேனேஜர். அம்மா பெயரிலுள்ள மனைப் பத்திரத்தை வைத்தால் ஒத்துக்கொள்வாராம்.

ஒன்று கேட்கிறேன். அந்த ஐம்பது ரூபாய்கள் எல்லாம் உன் கான்வென்ட் ஃபீஸுக்குத்தான் போயின. கடைசிவரை படிக்கச் சொல்லிக் கேட்டேன், அது மட்டும் கதையில் இல்லை. உனக்குத் தெரியாதா, தெரிந்தே விட்டாயா?

தணிகாசலம்

*

பெங்களூர்
16.5.2006

நைனா,

தெரியும். அந்த நோட்டுகளை நான்தானே பள்ளிக்கூடத்தில் கட்டினேன், டீசல் நாற்றம் அடிக்கும். அதை எழுதியும் இருந்தேன். அந்தப் பத்தி இருந்தால் படிக்கிறவர்கள் அப்பனை மன்னித்துவிடுவார்கள், கதை இளகிவிடும் என்றார் ஆசிரியர். எடுத்துவிட்டேன். வகுப்பிலேயே அதற்குத்தான் அதிக மார்க். உங்களிடம் சொல்ல வேண்டாமென்று தாவீதைக் கேட்டுக்கொண்டதும் நான்தான்.

எனக்கு இரண்டாம் வருஷம் வேண்டாம். அம்மாவின் பத்திரத்தைத் தொடாதீர்கள். இங்கே ஓர் அச்சகத்தில் பிழை திருத்தும் வேலைக்கு ஆறாயிரம் தருகிறார்கள். முதல் வருஷக் கடனை நானே அடைத்துக்கொள்வேன். வீட்டுக்கு வந்து உங்கள் காலில் விழ வேண்டும் போலிருக்கிறது. வரட்டுமா?

ஈஸ்வரி

*

கவரைப்பேட்டை
22.5.2006

ஈஸ்வரிக்கு,

உன் கடிதம் வருவதற்கு முந்தின நாளே பத்திரத்தை பாங்கில் கொடுத்துவிட்டோம். பணம் காலேஜுக்குப் போயாயிற்று, திரும்பாது. நீ படித்து முடி. எனக்கு அரிசி மில்லில் மூட்டை எண்ணும் வேலை கிடைத்திருக்கிறது.

நீ எழுதியதில் பொய் இல்லை, அதனால் உன்னைத் திட்ட எனக்கு வழியில்லை. அம்மா உன்னைப் பார்க்க வேண்டுமென்று அழுகிறாள், அவளை அனுப்பிவைக்கிறேன். நீ லீவுக்கு இங்கே வர வேண்டாம். நீ எதிரில் உட்கார்ந்திருந்தால், நான் பேசுவதில் எதை வைத்துக்கொள்கிறாய், எதை எடுத்துவிடுகிறாய் என்றுதான் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

தணிகாசலம்