பெக்டரியில் தெரிந்த பேர்

மார்கழி 1988, புதன்கிழமை இரவு.

இன்று கொழும்புக் கம்பெனி ஆட்கள் வந்து, தேயிலைத் தோட்டத்து ஆபீஸ் கம்ப்யூட்டரையும் பெக்டரி கம்ப்யூட்டரையும் கம்பி போட்டு இணைத்தார்கள். யாருக்கு எந்த நாள் வேலை என்று ஒன்றில் அடித்தால் மற்றதிலும் தெரியுமாம். நான் ஆபீசுக்குத் தேத்தண்ணி கொண்டுபோனபோது, கம்ப்யூட்டர் திரையில் பெக்டரி அடுப்பு இரவு வேலைக்கு இன்னும் என் வீட்டுக்காரர் பேர்தான் இருந்தது. இவர் செத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

"ஐயோ மாரியம்மா, இப்பவே எடுத்துர்றேன்" என்றார் கிளாக்கர் ஐயா. எடுத்துவிட்டு அந்த இடத்தில் என் மகன் சேகர் பேரை அடித்தார்.

"அவன் படிக்கிறான்ங்க ஐயா. அவங்கப்பா வெந்துபோன அடுப்புங்க அது."

"தகப்பன் வேலை மகனுக்குத்தானே? காலியா வச்சா கொழும்புக் கம்பெனிக்காரங்க கேப்பாங்க. பொறகு பாத்துக்கலாம், போ."

லயத்து வீட்டுக்கு வந்தால் செய்தி எனக்கு முன்னால் வந்திருந்தது. பெக்டரியில் பார்த்தவர்கள் சொல்லிவிட்டார்கள். சேகர் பள்ளிக்கூடப் புத்தகங்களைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, அப்பாவின் வேலைச் சட்டையைத் துவைத்துக்கொண்டிருந்தான்.

"நாளைக்கு ராத்திரியிலருந்து நான் போறேம்மா."

கத்தினேன். அவன் சட்டையைப் பிழிந்து கொடியில் போட்டான்.

விடிந்ததும் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் போகமாட்டேன். கிளாக்கர் வீட்டு வாசலில் போய் நிற்பேன். அந்தப் பேரை அவர் எடுக்கிறவரை நகரமாட்டேன். அதற்குள் ராத்திரியாகி, இவன் அந்த அடுப்புக்குப் போய்விட்டால்...