நாற்பத்தொன்றாவது ப்ரோக்ராம்

ஜூன் 17, 1996 – திங்கள்

இன்றும் செமிகோலன். பதினோரு வரி அடித்தேன், பதினாலு தப்பு என்கிறது கம்ப்யூட்டர். எழுதினதே பதினோரு வரி, அதில் எப்படிப் பதினாலு தப்பு வரும்? ரிஃபத் மிஸ் எட்டிப் பார்த்தார். "மூணாவது வரியில ஒண்ணு விட்டுட்டீங்க. மத்ததெல்லாம் அதோட வால்தான்." ஒரே ஒரு புள்ளியும் காலும் போட்டேன். பதினாலும் போய்விட்டது.

எழுதிப் பார்த்தாலாவது நம்ப முடிகிறதா என்று எழுதுகிறேன். என் தம்பி கிருபாசங்கர் மார்ச் மாதம் அவிநாசி ரோட்டில் லாரி மோதிச் செத்துப்போனான். பத்தொன்பது வயது. காந்திபுரம் கம்ப்யூட்டர் சென்டரில் ஒரு வருஷக் கோர்ஸ் சேர்ந்திருந்தான். மீதி மாதங்களுக்கு வீட்டிலிருந்து வேறு யாராவது வரலாம் என்றார்கள். பி.ஏ. முடித்து மாப்பிள்ளைக்குக் காத்திருந்த நான் வந்திருக்கிறேன். அதே நாற்காலி, அதே நாலிலிருந்து ஐந்து மணி.

நம்ப முடியவில்லை.

ஜூன் 20 – வியாழன்

அம்மா அவன் பையிலிருந்து ஃப்ளாப்பியை எடுத்துக் கொடுத்தாள். அப்பளம் மாதிரி மெல்லிசாய், ஆனால் கறுப்பாய், சதுரமாய். போட்டுப் பார்த்தேன். நாற்பத்தொரு ப்ரோக்ராம், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் தேதி. கடைசிக்கு மார்ச் 11. அதன் பெயர் ‘அப்பா’.

முடிவு செய்துவிட்டேன். ஒன்றாவதிலிருந்து ஆரம்பிப்பேன். வீட்டில் நோட்டில் எழுதிப் பார்த்து, சென்டரில் அடித்து, புரிந்த பிறகுதான் அடுத்தது. ‘அப்பா’வை இப்போது திறக்க மாட்டேன். அவன் என்ன எழுதியிருக்கிறான் என்று புரியாமல் அதைப் பார்த்து என்ன பிரயோசனம்?

மிஸ், "முதல்ல இதுக்கு ஒரு காப்பி எடுத்து வெச்சுக்கோங்க" என்றார். சரி என்றேன்.

ஜூலை 4

நடுநடுவே தனக்குத் தானே பேசிக்கொண்டிருக்கிறான் பயல். கம்ப்யூட்டர் கண்டுகொள்ளாத மாதிரி ஒரு குறி போட்டு, இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். ‘கிருபா, நீ ஒரு லூசு.’ ‘இங்கதான் நேத்தும் விழுந்தே.’ முடிக்காமல் விட்டதன் அடியில் எல்லாம் ‘மீதி நாளைக்கு’.

வீட்டிலும் இப்படித்தான். சோம்பேறி. எதைச் சொன்னாலும் நாளைக்கு.

ஜூலை 25 – வியாழன்

ஆடி பிறந்து பத்து நாளில் அப்பாவின் பட்டறையில் ஒரு நஷ்டம். லேத்தில் போல்ட்டுக்கு மரை வெட்டும்போது மாட்டுகிற பல்சக்கரங்களில் அறுபது பல் சக்கரம் உடைந்துவிட்டது. கணபதி வட்டாரத்திலேயே அப்பா மாதிரி மரை வெட்ட ஆள் இல்லை என்பார்கள். அவர் உடைந்த துண்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முன்பென்றால் கூட வேலை செய்யும் காளிச்சாமி அண்ணனை ஒரு பிடி பிடித்திருப்பார். இப்போதெல்லாம் யாரையும் திட்டுவதில்லை.

ஆகஸ்ட் 13

காய்ச்சலில் இரண்டு நாள் நோட்டைத் தொடவில்லை. இன்று கை ஒன்றாவது வகுப்புக்குப் போய்விட்டது. ஒரு நாள் விட்டால் இரண்டு நாள் போகிறது.

செப்டம்பர் 19

முப்பத்திரண்டு முடிந்தது. இன்று என் ப்ரோக்ராம் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தது. எப்போது நிற்க வேண்டும் என்று நான் சொல்லவே இல்லையாம். மனதில் இருப்பது அதற்குத் தெரியாது, சொன்னதுதான் தெரியும். எனக்கும் கிருபாவுக்கும் கடைசியாக நடந்தது சண்டைதான். சைக்கிள் சாவிக்காக. என் மனதில் இருந்தது அவனுக்குத் தெரியுமா?

அப்பா சாப்பிடும்போது கேட்டார். "அந்த அப்பா ப்ரோக்ராமு வந்துருச்சா அம்மணி?"

"இன்னும் ஒம்பது இருக்குங்கப்பா."

"மெதுவா வா. அவசரமில்ல." சொல்லிவிட்டு ரசத்தை இரண்டு தடவை ஊற்றிக்கொண்டார்.

அக்டோபர் 21 – திங்கள்

நேற்று ஆயுதபூஜை. துக்க வருஷம், வீட்டில் பூஜை இல்லை. ஆனாலும் பட்டறையை அப்படியே விட அப்பாவுக்கு மனசு வரவில்லை. "நோம்பி ஊட்டுக்குத்தான் இல்ல. லேத்து என்ன பாவம் பண்ணுச்சு?" படையல் இல்லாமல் சந்தனம் குங்குமம் மட்டும். லேத்துக்கு, வைஸுக்கு, ஸ்பேனர் ஸ்பேனராக.

நான் போனபோது வரிசையின் கடைசியில் கிருபாவின் ஃப்ளாப்பி. என் மேஜையிலிருந்து அவரே எடுத்துப் போயிருக்கிறார். பெயர்ச்சீட்டில் ஒரு பொட்டு. கீழே கறுப்புத் தகடு தெரிகிற திறப்பின் மேல், நட்டநடுவில், இன்னொன்று.

"அவன் ஆயுதம் அம்மணி. அதை மட்டும் எப்படி உடறது? வெச்சுப்போட்டேன்."

தலையாட்டிவிட்டு ஃப்ளாப்பியை எடுத்து வந்தேன். இரவு ஈரத்துணியால் திறப்பைத் துடைத்தேன். போய்விட்டது என்றுதான் நினைக்கிறேன்.

அக்டோபர் 22

போகவில்லை. டிரைவ் கரகரவென்று கத்தியது. படிக்க முடியவில்லை, திரும்ப முயலவா என்று கேட்டது. முயலு என்றேன். நாற்பது தடவை கேட்டது, நாற்பது தடவையும் முயலு என்றேன். மிஸ்தான் வந்து என் கையை விசைப்பலகையிலிருந்து எடுத்தார். துடைத்ததில் சந்தனம் உள்ளே தேய்ந்து தகட்டைச் சுற்றிக் கீறிவிட்டதாம். "காப்பி எடுத்தீங்கல்ல?"

எடுக்கல. எடுக்கவே இல்ல. அவன் ஃப்ளாப்பியிலதான் தினமும் படிக்கணும்னு ஒரு வீம்பு. மிஸ் மொத நாளே சொன்னாங்க. சொன்னதைக் கேட்டா என்ன கொறஞ்சு போயிருக்கும் எனக்கு? முப்பத்தாறு வரைக்கும் நோட்டுல இருக்கு. அஞ்சு போச்சு. ‘அப்பா’ போச்சு. ஒரு தடவை, புரியாட்டியும், ஒரே ஒரு தடவை திறந்து பாத்திருக்கலாம்ல—

அக்டோபர் 23

அப்பாவிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

நவம்பர் 6 – புதன்

சுற்றி வளைத்துக் கேட்டேன். மார்ச் மாதம் கிருபா உங்களிடம் என்ன கேட்டுக்கொண்டிருந்தான்?

"சக்கரக் கணக்குத்தான். இஞ்சுக்கு எத்தனை மரைன்னா எந்தெந்தச் சக்கரத்தை மாட்டோணும்னு நான் சாக்பீஸ்ல போடுவனல்ல, அதை உக்காந்து எழுதிட்டுப் போனான். எதுக்குடான்னா, சும்மாங்கப்பான்னுட்டான்."

அழுதுவிடுவேன் என்று பயந்து, கணக்கை எனக்கும் சொல்லுங்கள் என்றேன். சொன்னார். பெட்டியில் இருக்கும் சக்கரங்களை ஒவ்வொன்றாக எடுத்து எண்ணி எழுதிக்கொண்டேன்.

நவம்பர் 28

‘அப்பா’வை நானே எழுதிப் பார்ப்பது இது பத்தொன்பதாவது தடவை. இன்னும் தப்பாக வருகிறது. கிருபா, நீ எப்படிடா போட்டாய்?

டிசம்பர் 14 – சனி

வந்துவிட்டது. ‘அப்பா’ ப்ரோக்ராம் வந்துவிட்டது என்று மட்டும் சொல்லி அப்பாவைச் சென்டருக்குக் கூட்டிப்போனேன். வெள்ளை வேட்டி கட்டி வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றி, காலையும் கழுவ இடம் தேடினார். "ஏனுங் மிஸ், நான் தொடலாமுங்களா?"

திரையில் இங்கிலீஷ் எழுத்தில் ‘அப்பா, எத்தனை மரை?’ என்று வந்ததை வாசித்துக் காட்டினேன். அப்படித்தான் கிருபாவும் கேட்டிருப்பான் என்று நானாக எழுதியது. ஒரு விரலால் எட்டை அமுக்கினார். பொருந்தும் ஜோடிகள் வரிசையாக வந்தன. இருபது – நாற்பது. இருபத்தைந்து – ஐம்பது. நாற்பது – எண்பது. அப்பா வாய்விட்டுப் படித்தார். "எம் பையன் சரியாத்தான் போட்டிருக்கான்" என்று மிஸ்ஸைப் பார்த்துச் சிரித்தார். ஒன்பது மாதத்தில் முதல் சிரிப்பு. நான் பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

பிறகு மறுபடி படித்தார். சிரிப்பு நின்றது.

"எட்டு மரைக்கு நாம எப்பவும் முப்பது – அறுபதுதானே போடுவோம். அது ஏன் வரல?"

அவரே விரல் மடக்கி மாதத்தை எண்ணினார்.

"அறுபது ஆடியிலதானே அம்மணி ஒடைஞ்சுது. கிருபாவுக்கு எப்படித் தெரியும்?"

திரையை விட்டு என் பக்கம் திரும்பினார்.

"அப்ப அவன் எழுதினது?"

"நான் ஈரத்துணியில தொடைச்சுட்டேனுங்கப்பா. காப்பி எடுக்கல. எம்மேலதான் தப்பு."

"எதைத் தொடைச்சே?"

என் கண் அவர் விரலுக்குப் போனது. அப்பா பொட்டு வைக்கிற தன் மோதிர விரலைத் திருப்பிப் பார்த்தார். வேட்டியில் தேய்த்தார். வீடு வரும்வரை பஸ்ஸில் தேய்த்துக்கொண்டே வந்தார்.

டிசம்பர் 15

மதியம் அப்பா என் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஒரு எழுத்தும் புரியாது அவருக்கு. ஆனாலும் முப்பத்தாறையும் புரட்டினார்.

அக்டோபர் 10, 1997 – வெள்ளி

ஆயுதபூஜை. இந்த வருஷம் படையலோடு.

சென்டரில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு இப்போது நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன். முதல் நாளே காப்பி எடுக்க வைத்துவிடுவேன். ஏன் மேடம் என்பார்கள். காரணம் சொல்வதில்லை.

பட்டறையில் அப்பா வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டே வந்தார். லேத், வைஸ், சக்கரப்பெட்டி. புது அறுபதுக்கும் ஒன்று. என் ஃப்ளாப்பி பக்கத்தில் வந்ததும் நின்றுவிட்டார். துண்டில் கையைத் துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.

"இதுக்கு நீயே வெய்யி அம்மணி."

ஃப்ளாப்பியை உருவி எடுத்துவிட்டு, வெறும் காகித உறையை அவர் முன்னால் நீட்டினேன். அதில் பொட்டு வைத்தார். கொஞ்சம் கோணலாக விழுந்தது.

கிருபாவின் ஃப்ளாப்பி அவன் படத்துக்குக் கீழே இருக்கிறது. பெயர்ச்சீட்டில் போன வருஷப் பொட்டு காய்ந்து அப்படியே இருக்கிறது. அதை நாங்கள் யாரும் துடைக்கவில்லை.