சுகமாகாதவள் சொன்ன சாட்சி

ஞாயிறு, இரவு.

உத்திரமேரூர் சபையில் நோய் தீர்ந்தவர்கள்தான் எழுந்து சாட்சி சொல்வார்கள். இன்று புற்றுநோய் முற்றிய என் மனைவி சாராள் எழுந்தாள். "ஆண்டவர் உன்னை எதிலிருந்து ரட்சித்தார்?" என்று தினமும் அவளிடம் சண்டை போடுகிறவன் நான். புடவையைப் பிடித்து இழுத்தேன். அவள் உட்காரவில்லை.

"எனக்கு சொகமாவல. வலியும் கொறையல. ஆனா ராவெல்லாம் பக்கத்துல ஒருத்தர் முழிச்சிக்கினு கீறாரு. சாவு பயமே போயிடுச்சி" என்றாள். என்னைக் காட்டி, "இவருன்னு நெனச்சிடாதீங்க. இவரு கொறட்ட வுடுவாரு" என்றாள்.

சபையே சிரித்தது. நான் பிடித்திருந்த புடவையை விட்டேன்.

ஆண்டவரோடு எனக்குள்ள வழக்கு தீரவில்லை. நான் விடவும் மாட்டேன். ஆனால் அவள் கட்டிலருகே நாற்காலியில் என் துணிகள் குவிந்துகிடந்தன. இப்போதுதான் எடுத்து வைத்தேன். நாற்காலி காலியாக இருக்கட்டும்.