இறங்கிய சராசரி

செவ்வாய், இரவு

எங்கள் நூல் மில்லில் வேலை செய்பவர்களின் மனநிறைவைப் பற்றிப் போன மாதம் கணக்கெடுத்தேன். ஒடிசாப் பெண்கள் அத்தனை பேரும் எல்லாக் கேள்விக்கும் முழு மதிப்பெண் போட்டிருந்தார்கள். மேனேஜருக்கு ஒரே சந்தோஷம். எனக்குத்தான் உறுத்தியது. அல்லிநகரம், கம்பம் என்று உள்ளூர்ப் பெண்களின் பதில்கள் ஆளுக்கு ஆள் மாறியிருக்க, இவர்கள் மட்டும் எப்படி ஒன்றுபோல நினைப்பார்கள்? அன்றைக்கு சூப்பர்வைசர் பக்கத்திலேயே நின்றது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

இன்று அவரை விட்டுவிட்டு, கேன்டீனில் அவர்களோடு உட்கார்ந்து மறுபடி கேட்டேன். அவர்களில் சபிதாதான் முதலில், "எல்லாரும் எங்களை இந்திக்காரினு கூப்பிடுறாக அக்கா. நாங்க பேசுறது ஒடியா. எங்களுக்குப் பேரும் இருக்கு" என்றாள். அதன் பின் மற்றவர்களும் பேசினார்கள்.

சாயங்காலம் புதிய சராசரியைப் பார்த்ததும் மேனேஜர் முகம் சுருங்கியது.

"என்னம்மா நஸ்ரின், இப்படி இறங்கிப்போச்சு? முதலாளிகிட்ட எதைக் காட்டுறது?"

"இதைத்தான் சார். போன தடவை பயந்து எழுதுனாக. இப்பத்தான் நம்மளை நம்பிச் சொல்லிருக்காக."

திரையில் அந்தப் பெண்கள் சொன்னதை வாசித்து முடித்தவர், "ஷிப்ட் போர்டுல இந்தி பேட்ச்சுனு இருக்கிறதை அழிச்சிட்டு, அந்தப் பிள்ளைக பேரைப் போடச் சொல்லும்மா. முதலாளிகிட்ட நானே பேசுறேன்" என்றார்.

சபிதா பேசியது சூப்பர்வைசர் காதுக்குப் போனால்... அவளுக்குத் தொந்தரவு வராமல் அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பெயர்களை ஒடியாவிலும் எழுதினால் நன்றாயிருக்கும். எனக்கு அந்த எழுத்து தெரியாது. நாளைக்கு சாக்பீஸை சபிதா கையிலேயே கொடுத்துவிடுகிறேன்.