மேல்மாடத்தில் சிரிப்பவர் குறித்து

அனுப்புநர்
பள்ளிச் சீருடை தைக்கும் தையற்காரி,
மாடி வீடு, நாடக அரங்கின் பின்தெரு.

பெறுநர்
மாநகராட்சி ஆணையர் அவர்கள்,
மாநகராட்சி அலுவலகம்.

பொருள்: நாடக அரங்கின் மேல்மாடத்தைச் செங்கல் வைத்து அடைக்கும் பணியை நிறுத்தி, காணாமற்போன என் தம்பியை அங்கே தேடக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். என் தம்பி சுவர்ப்பூச்சு வேலை செய்பவன். நூறாண்டு கடந்த நம் நகர அரங்கைப் புதுப்பித்தபோது, மேல்மாடத்துக் கூரையில் உதிர்ந்துபோன பூவேலைப்பாடுகளைச் சரிசெய்யும் பொறுப்பு அவனுக்குத் தரப்பட்டது. மழைக்காலத்தில் ஒரு நாள், மதியச் சாப்பாட்டை முடித்துக் கைகழுவிய ஈரத்தோடு மேலே ஏறியவன் இறங்கி வரவில்லை. வேலையைப் பாதியில் விட்டுவிட்டுப் போய்விட்டான் என்று அரங்க மேலாளர் கூறினார். காவல் நிலையத்தில், "வளர்ந்த ஆம்பளதானம்மா, கோவம் தணிஞ்சா வருவாரு" என்றார்கள். அவனுக்குக் கோபம் வந்து நான் பார்த்ததே இல்லை. அவனுடைய செருப்பு படிக்கட்டின் அடியிலேயே கிடந்தது. எடுத்துக் காட்டியும் எவரும் பொருட்படுத்தவில்லை.

வேலை முடியாமலே மேல்மாடத்துப் படிக்கட்டின் வாயிலைப் பலகை அடித்து மூடிவிட்டு அரங்கைத் திறந்தார்கள். முதலில் அரங்கேறியது ஒரு நகைச்சுவை நாடகம். மாமியாரின் பேச்சிலிருந்து தப்பிக்கக் காது கேளாதவன்போல் நடிக்கும் மருமகனின் கதை. கீழே ஒத்திகை நடக்க, மேலே சாரத்தில் மல்லாந்து வேலை பார்த்தபடியே என் தம்பி அதை மனப்பாடம் செய்திருந்தான். வீட்டில் நடித்தும் காட்டுவான். ஆனால் வேடிக்கையான வசனம் வருமுன்னே அவனுக்குச் சிரிப்பு முந்திக்கொள்ளும். அந்தச் சிரிப்பு வேறு எவருக்கும் வராது. முதலில் ஓசையே இருக்காது. பிறகு மூச்சை உள்ளே இழுக்கையில், சேவல் கூவத் தொடங்கிப் பாதியில் நிறுத்தியதுபோல ஒரு கூவல். தெருவில் அவனுக்கு ‘அரைச்சேவல்’ என்றே பெயர்.

அவன் அழைத்துப்போவதாகச் சொல்லியிருந்த நாடகம் என்பதால் போயே தீரவேண்டும் என்று அவன் மனைவி பிடிவாதமாக நின்றாள். ஞாயிறு பிற்பகல் காட்சிக்கு இருவரும் சென்றோம். மாமியார் மருமகனின் காதருகே குனிந்து வாயைத் திறக்கிறாள். ஒரு சொல்லும் இன்னும் வெளிவரவில்லை. எங்கள் தலைக்கு மேலிருந்து அந்தச் சிரிப்பு வந்தது. அதன் பிறகுதான் மாமியார் பேசினாள். அதன் பிறகுதான் அரங்கம் சிரித்தது. என் தம்பி மனைவி என் மணிக்கட்டை இறுகப் பிடித்து, "அக்கா, அவருதான்" என்றாள். எல்லோரும் வயிறு வலிக்கச் சிரிக்க, நாங்கள் அண்ணாந்து பார்த்து அழுதுகொண்டிருந்தோம். முன்வரிசையில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். சிரித்துச் சிரித்துத்தான் எங்களுக்குக் கண்ணீர் வந்துவிட்டது என்று நினைத்தாரோ என்னவோ, ஆமோதிப்பதுபோல் தலையாட்டினார்.

மேலாளரிடம் முறையிட்டோம். "பழைய கட்டடம்மா, எதிரொலிக்கத்தான் செய்யும்" என்றார். பேசுவதற்கு முன்பே எதிரொலிக்கும் கட்டடம் உண்டா என்பதைத் தாங்களே தீர்மானிக்க வேண்டுகிறேன். மாமியாராக நடித்த அம்மையார், வேடம் கலைத்துக்கொண்டிருந்தவர், எங்களை அருகே அழைத்தார். "நாங்களும் கேக்கறோம்மா. அது வர்ற வரைக்கும் நின்னுட்டுதான் நான் வசனத்தையே எடுக்கறேன். ஒரு நாள் நிக்காம பேசிட்டேன். அன்னிக்கு ஒருத்தர்கூடச் சிரிக்கல" என்று தாழ்ந்த குரலில் சொன்னார்.

என் முந்தைய வேண்டுகோளின் பேரில் தங்கள் அலுவலகப் பொறியாளர் வந்து பலகைகளைக் கழற்றினார். நாங்களும் பின்னால் ஏறினோம். தளம் முழுவதும் பூச்சுப்பொடி மாவுபோல் படிந்திருந்தது. அதில் வெறுங்கால் தடங்கள், படியிலிருந்து முன்வரிசை வரை. திரும்பி வந்த தடம் இல்லை. அங்குள்ள இருக்கைகள் ஆள் எழுந்ததும் தாமாகவே மடங்கிக்கொள்பவை. எல்லாம் மடங்கியிருக்க, தடங்கள் போய் முடிந்த இடத்தில் ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தது. பொறியாளர் அதை நோக்கிக் கையை நீட்டி, பாதியிலேயே இழுத்துக்கொண்டார். "கீழ போங்கம்மா, முதல்ல கீழ போங்க" என்று எங்களைத் தள்ளாத குறையாக இறக்கினார். படிக்கட்டு பலவீனமாக உள்ளது என்று மட்டும் அவர் அறிக்கை கொடுத்ததாக அறிகிறேன். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. பயந்துபோன மனிதர் வேறென்ன எழுதுவார்?

அந்த அறிக்கையின்படி வாயிலை நிரந்தரமாக அடைக்க உத்தரவாகி, செங்கல்லும் வந்து இறங்கிவிட்டது. "சுவரு எழும்பறப்ப நான் அந்தப் பக்கம் இருப்பேன்க்கா" என்கிறாள் என் தம்பி மனைவி, அடுப்பை அணைத்துவிட்டேன் என்று சொல்வதுபோல் அத்தனை சாதாரணமாக. அவளை வீட்டில் பூட்டி வைக்கலாம். பூட்டு எத்தனை நாளைக்குக் காவல் இருக்கும்?

எனவே, சுவர் வேலையை உடனே நிறுத்த ஆணையிடுமாறும், பூவேலைக் கூரைக்கும் அதன் மேலுள்ள ஓட்டுக்கும் நடுவே ஆள் நுழையுமளவு வெற்றிடம் இருப்பதாக என் தம்பி சொன்னதுண்டு என்பதால் அதைத் திறந்து தேடுமாறும் பணிந்து கேட்டுக்கொள்கிறேன். உயிரோ உடலோ, எது கிடைத்தாலும் எங்களிடம் தந்துவிடுங்கள்; மறுபேச்சின்றி வீட்டுக்கு எடுத்துச் செல்கிறோம்.

அதற்கும் வழியில்லை என்றால், முடிவெடுக்குமுன் ஒரே ஒரு பிற்பகல் காட்சிக்கு வந்து அமருங்கள், ஐயா. எல்லோரும் சிரிக்கும்போது அல்ல, அதற்குச் சற்று முன்னால் காது கொடுங்கள்.

இடம்: அரங்கின் பின்தெரு
நாள்: புதன்கிழமை

தங்கள் ஆணையை எதிர்நோக்கும்,
(கையொப்பம்)
‘அரைச்சேவலின்’ அக்கா