அத்தை மூன்றாம் முறை அழைத்தபோது

பிரிக்பீல்ட்ஸ்
3 மார்ச் 2025

அன்புள்ள மாதவிக்கு,

பேசினால் சண்டையில் முடிகிறது, அதனால் எழுதுகிறேன். நீ கிள்ளானில் அத்தை வீட்டுக்கே போன பிறகும் உன் கைப்பேசிக்கு வரும் அழைப்பெல்லாம் நம் வீட்டுக் கம்ப்யூட்டரிலும் மணி அடிக்கிறது. இரண்டையும் இணைத்தவள் நீதானே? திரையில் பெயர் தெரிகிறது. நான் எடுப்பதில்லை. ஆனாலும் கண் போகிறது, அது சரியில்லை. இணைப்பை எடுத்துவிடு.

அத்தை இன்னும் கோபமாகத்தான் இருக்கிறாரா?

சுகுமாறன்

கிள்ளான்
5 மார்ச்

அன்புள்ள உங்களுக்கு,

எப்படி எடுப்பதென்று மறந்துவிட்டேன். பாலர் பள்ளியில் பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் பார்க்கிறேன். உங்கள் பேச்சை எடுத்தாலே அம்மா டிவி சத்தத்தைக் கூட்டுகிறார். அம்மாவை நம்மோடு வைத்துக்கொள்ளலாம் என்று நான் கேட்டபோது "நம்ம வீடு அத்தைக்குச் சரிவராது" என்று நீங்கள் சொன்னது அவருக்கு ஆறவில்லை. எனக்கும்தான்.

தினமும் கடைச் சோறு வேண்டாம். வயிறு தாங்காது.

மாதவி

பிரிக்பீல்ட்ஸ்
18 மார்ச்

மாதவி,

அத்தைக்கு இப்போது எப்படி இருக்கிறது? ஆஸ்பத்திரியில் உன்னால் பேச முடியாது என்று தெரியும். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நேற்று திரையில் "அம்மா" என்று வந்தது. அடித்து நின்றது. மறுபடி அடித்தது. நீ வகுப்பில் இருப்பாய். மூன்றாம் முறை எடுத்துவிட்டேன்.

"மாதவி, பாத்ரூம்ல விழுந்துட்டேம்மா."

"அத்தை, நான் சுகுமாறன்."

வைத்துவிடுவாரோ என்று பயந்தேன். "அவ எங்கே?" என்று மெதுவாகக் கேட்டார்.

கம்ப்யூட்டரில் அவரைப் பேசவிட்டு, என் கைப்பேசியில் ஆம்புலன்ஸையும் உன் பள்ளியையும் கூப்பிட்டேன். உடனே ஓடி வரத்தான் நினைத்தேன். நாற்காலியை விட்டு எழுந்தால் அவர் தனியாகிவிடுவார். நீ வரும்வரை அங்கேயே இருந்தேன்.

ஆஸ்பத்திரிக்கு நான் வரலாமா? அவர் சொல்லாமல் வர மனமில்லை.

சுகுமாறன்

கிள்ளான்
20 மார்ச்

என் அன்பானவருக்கு,

இடுப்பு எலும்பு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

அன்று நான் கதவைத் திறந்தபோது அம்மா தரையில் கிடந்தபடியே உங்களைத் திட்டிக்கொண்டிருந்தார். கைப்பேசி ஸ்பீக்கரில் உங்கள் குரலும் கேட்டது.

"என்னை வேணாம்னுதானே சொன்னே?"

"நாலு மாடி, லிஃப்ட் இல்ல, எப்படி ஏறுவீங்கன்னு சொன்னேன் அத்தை. நல்லா திட்டுங்க லா. தூங்கிடாதீங்க."

என்னிடமும் இதைத்தான் சொல்ல வந்திருப்பீர்கள். நான் பாதியிலேயே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

இன்று கொஞ்சம் தெளிந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி: "அவன் ஏன் வரல? இந்த இடுப்போட நான் எங்கே நாலு மாடி ஏறப் போறேன்? அவனையே இங்கே வந்து இருக்கச் சொல்லு. வேலைக்கு கொமுட்டர் ரயில்ல போகட்டும்."

அம்மா சொன்னதற்காக மட்டும் கூப்பிடவில்லை. அலமாரியில் பாதியைக் காலி செய்துவிட்டேன். நாளை முதல் ரயிலில் வாருங்கள்.

உங்கள் மாதவி