மழை கலைத்த சீட்டு

அன்பு மனைவி தொமேவுக்கு,

உன் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நான் சௌக்கியம். இதுவரை அடுத்தவரிடம் சொல்லி எழுத வைத்ததால் உன் முழங்காலைத் தாண்டி எதுவும் விசாரிக்க முடிந்ததில்லை. இதை நானே எழுதுகிறேன், இரவுப் பள்ளியில் கற்ற எழுத்தில்.

நான் கூட்டிப் பெருக்கும் மழலையர் பள்ளியில் நேற்று தனபாத்தா பண்டிகை. மூங்கில் கிளையில் தொங்கவிட, குழந்தைகளோடு உட்கார்ந்து காகிதத்தை மடித்து வெட்டி வலை செய்தேன்.

"தாத்தா, உங்க வலையில மீனு நிக்காது. ஓட்டை பெருசு" என்றாள் சிஹரு.

"பெரிய மீனுக்குப் போட்ட வலை இது."

பிறகு ஆளுக்கொரு சீட்டில் ஆசையை எழுதி மூங்கிலில் கட்டினோம். நான் உன் பெயரை எழுதினேன்.

"இது ஆசையில்ல தாத்தா, பேரு."

"எனக்கு அவ்வளவுதான் எழுத வரும்" என்று சமாளித்தேன்.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. வானத்து ஆற்றில் வெள்ளம் வந்தால், வருஷத்தில் இந்த ஒரு நாள் மட்டும் அதைக் கடந்து சேரும் நட்சத்திரப் புருஷனும் பெண்டாட்டியும் இந்த வருஷம் சந்திக்க முடியாதே என்று சிஹரு அழுதாள். எங்கள் ஊரில் இந்தப் பண்டிகை அடுத்த மாதம், ஆகஸ்டில்தான் என்றேன்.

உடனே என் சீட்டை அவிழ்த்துக் கொடுத்தாள். "அப்ப இதை அங்க போய்க் கட்டுங்க."

சீட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். மை கொஞ்சம் கலைந்திருக்கிறது. லீவு கேட்டிருக்கிறேன், பதில் வரவில்லை. புகை போட்ட முள்ளங்கி ஊறுகாய் மிச்சமிருந்தால் அனுப்பு.

வகுப்புக்கு மணியடித்துவிட்டது. மூங்கிலை வெட்டி வை. நாற்காலியில் ஏறி நீயே கட்டிவிடாதே. மேல்கிளையை எனக்கு விட்டு வை.

உன் யாசுகிச்சி